உன் அம்மாவைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

ஆல்வின்,

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் அம்மா. அவள் சொல்லாமலிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படித்து முடித்த பிறகு, அப்பா தானாக முன்வந்து உண்மையைச் சொன்னார் என்று நீ எனக்கு ஒரு நல்ல பெயர் கொடுத்துவிடக் கூடாது. எனக்குச் சேராத நல்ல பெயரை வாங்கி வைத்துக்கொண்டதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நீ ரயில் ஏறியதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா இடியாப்பமும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள். நீ லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்தாய். பேட்டண்ட் அலுவலகத்தில் காப்புரிமை ஆய்வாளர் வேலைக்கு உத்தரவு வந்ததிலிருந்து, இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும் பழைய கோப்புகளை எடுத்துப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாய் அல்லவா, அன்று நீ எடுத்தது என் கோப்பு. ரத்தக் குழாய்ப் படங்களைத் திரையில் காட்டும் மென்பொருளுக்காக, நான் வைட்ஃபீல்டில் வேலைபார்த்த நிறுவனம் வாங்கிய காப்புரிமை. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது. ஆய்வாளர் எழுப்பிய ஆட்சேபங்கள், நாங்கள் கொடுத்த பதில், அதோடு நான் சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் எல்லாம் அதில் இருந்தன. "டாடி, செம ரிப்ளை. எக்ஸாமினர் வாயே தொறக்க முடியாத மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, பத்திரத்திலிருந்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாய். நான் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்கள், எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும், திரையில் வரும் படத்தை மருத்துவருக்கு அனுப்புபவர்களே தவிர, அதை எப்படிக் காட்டுவது என்று யோசிப்பவர்கள் அல்லர்.'

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றாள். உனக்கு அது விளையாட்டாகப் பட்டது. கோர்ட்டில் வாசிப்பதுபோல் குரலை மாற்றிக்கொண்டு மறுபடியும் படித்தாய். "நல்லா இருக்கு இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டு, உன் தட்டில் இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தாள். "டெக்னீஷியன்னு சொன்னதும் மம்மிக்குக் கோவத்தப் பாருங்க" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். இருபத்தாறு வருடமாக ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கும் பெண்ணின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தேன்.

அந்த மென்பொருளின் யோசனை உன் அம்மாவுடையது, ஆல்வின். என்னுடையது அல்ல.

நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். எனக்குக் காய்ச்சல் என்று அலுவலகம் போகவில்லை. அம்மா காலை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தபோது நான் வழக்கம்போல் ஆபீஸ் கதையைப் புலம்பிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் ஓடும் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க, சாய மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அவர்களுக்குக் குழாயின் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்திருக்கும். படத்தில் சாய மருந்தும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. அதனால் குழாய் நன்றாகத் திறந்திருப்பதுபோலத் தெரியும், உள்ளே முக்கால்வாசி அடைத்திருக்கும். அந்தக் காலை வெட்டுவதா காப்பாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டிய டாக்டருக்கு அந்தப் படத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் நிறுவனத்தில் ஆறு பேர் ஒரு வருடமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் காட்ட நிரல் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தோம்.

"நான் ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பேங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றேன்.

"இல்லங்க. எல்லாரும் ஒரே உயரத்துல வெட்டிப் பாக்கறாங்க. ஒரு கால்ல கொழா நேரா போகும், இன்னொண்ணுல வளைஞ்சு வளைஞ்சு போகும். ஒரே உயரத்துல பாத்தா ரெண்டும் ஒரே எடம் கெடையாது." உன் இயர்போன் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "வயித்துல பெரிய கொழா ரெண்டு காலுக்கும் பிரியற எடம் இதுன்னு வைங்க." ஒரு வயரை நேராக விட்டாள், மற்றதை நெளித்து வைத்தாள். கொடியிலிருந்து இரண்டு துணி கிளிப்பை எடுத்துவந்து, பிரியும் இடத்திலிருந்து வயரோடே விரலால் அளந்துகொண்டு போய், இரண்டிலும் ஒரே தூரத்தில் மாட்டினாள். ஒரு கிளிப் கீழேயும் இன்னொன்று அதற்கு நான்கு விரல் மேலேயும் நின்றன. "இப்ப இந்த ரெண்டு எடத்தயும் வெட்டி ஒண்ணா வைங்க. எது சுண்ணாம்பு, எது ரத்தம்னு கண்ணுக்கே தெரியும். ஒரு காலு இன்னொரு காலுக்குச் சாட்சி சொல்லும்."

ஸ்கேன் அறையில் கன்சோல் திரை முன் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாகக் கையாலேயே அவள் இதைச் செய்துவந்தாள். ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் ஆகுமாம். சிக்கலான கேஸ் வந்தால் டாக்டர்கள், "ஸ்டெல்லாகிட்ட குடுங்க" என்று விட்டுவிடுவார்களாம். இதெல்லாம் எனக்கு அதற்கு முன் தெரியாது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவள் வேலையில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. அவள் மேலும் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் அதற்குள் எழுந்து, காய்ச்சலோடு கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் நிரல் ஓடியது. அவள் முக்கால் மணி நேரத்தில் செய்ததை அது அரை நிமிடத்தில் செய்தது. நிறுவனத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளாத குறை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் வந்தது. இதில் யார் யார் பங்களித்தார்கள், நிறுவனத்துக்கு வெளியே யாராவது உண்டா என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் என் காதில் எதுவும் ஓதவில்லை. அவள் வேலைபார்க்கும் மருத்துவமனை உரிமை கேட்டு வரும், வழக்காகும் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அப்படி எதுவும் தோன்றவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எனக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். என் பெயரில் ஒரு காப்புரிமைகூட இல்லை. நிரல் முழுவதையும் நான்தானே எழுதினேன், அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே என்று நினைத்தேன். பேச்சுக்குச் சொன்னது என்று நான் நினைத்ததை அவள் ஆறு வருடமாகத் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

இது எனக்கு முதல் தடவையும் அல்ல. நீ ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முப்பதிலிருந்து தொண்ணூறுக்கு வந்தாய். ஷிஃப்ட் முடித்து வந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அம்மாதான் உனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெற்றோர் கூட்டத்தில் உன் டீச்சர் என்னைப் பார்த்து, "இன்ஜினீயர் வீட்டுப் பிள்ளை, சாரே உக்காந்து சொல்லிக்குடுப்பீங்கபோல" என்றார்கள். "ஏதோ முடிஞ்ச நேரத்துல" என்றேன். அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "பால் பாக்கெட் வாங்கணும்" என்றாள், அவ்வளவுதான். அவள் பேசாமல் இருந்ததால் அது பெரிய விஷயமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், படிவத்தில் 'இல்லை' என்று எழுத என் கை பழகியது அன்றைக்குத்தான் என்று படுகிறது.

விண்ணப்பம் போட்டதற்கு நிறுவனம் மரப்பலகையில் பெயர் பொறித்துக் கொடுத்தது. நீ அதைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாய். அம்மா அதிலிருந்த மூன்று பெயர்களையும் ஒன்றொன்றாகப் படித்தாள். என்னுடையது, என் மேலாளருடையது, சோதனை செய்த ஒருவருடையது. படித்துவிட்டு, ஒரு பழைய துவாலையில் சுற்றி உன் பையில் வைத்தாள், கீறல் விழக் கூடாது என்று.

இனி நான் சொல்லப்போவதுதான் உன் வேலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. கவனமாகப் படி.

விண்ணப்பம் வருடக்கணக்கில் தூங்கிவிட்டு, கொரோனா காலத்தில் எழுந்தது. ஆய்வறிக்கை வந்தது. அதில் மூன்று ஆட்சேபங்கள். வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது, நோயைக் கண்டறியும் முறைக்கும் கிடையாது என்ற முதல் இரண்டும் இந்தத் துறையில் எல்லோருக்கும் வருபவை. அவற்றுக்கு வக்கீல்களிடம் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெயர் தெரியாத அந்த ஆய்வாளர் எழுதியிருந்தார்: இரண்டு கால்களின் குழாய்களையும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதை, அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் திரையின் முன் கையாலேயே செய்யக்கூடும், கணினி அதை வேகமாகச் செய்வது மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பு ஆகும்? உன் அம்மாவை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது அது. எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, மருத்துவமனைக்குள் கால் வைக்காமலேயே, அங்கே ஒரு டெக்னீஷியன் யோசித்துக்கொண்டிருப்பாள் என்று அந்த ஆள் யூகித்திருந்தார். அவள் வீட்டிலேயே இருந்த எனக்கு அது தெரியாது என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

வக்கீல், "உங்க அனுபவத்துலேர்ந்து ஸ்ட்ராங்கா ஒரு ஸ்டேட்மென்ட் வேணும் சார்" என்றார். அந்த வரியை நான்தான் எழுதினேன். அவர்கள் திருத்தக்கூட இல்லை. இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த மாதம் அம்மா கவச உடைக்குள் வேர்த்து ஊறிப்போய், ஒரு ஷிஃப்ட்டில் நாற்பது ஐம்பது பேருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் நம் பக்கத்தில் வராமல், மாடி அறையில் தனியாகத் தங்கினாள். நீ படியில் தட்டை வைத்துவிட்டு இறங்கி வருவாய். அந்த நாட்களில்தான், டெக்னீஷியன்கள் யோசிப்பவர்கள் அல்லர் என்று எழுதினேன்.

அதன்பின் விசாரணை. காணொளியில் நடந்தது. அம்மா இரவு டூட்டி முடித்துவந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கேமராவைப் போடுவதற்கு முன் எழுந்துபோய், அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. குரல் சாந்தமாக இருந்தது. வக்கீல் பேசி முடித்ததும் என் பெயரைப் பார்த்து, "தமிழா? தமிழ்லயே ரெண்டு கேள்வி கேக்கறேன்" என்றார்.

"இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரியிலயாவது, யாராவது இத கையால செஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப யோசனை எப்படி வந்துச்சு?"

"காய்ச்சலா வீட்ல படுத்திருந்தேன் மேடம். அப்பத் தோணிச்சு."

அவர் சிரித்தார். "காய்ச்சல் நல்லது பண்ணியிருக்கு" என்றார். அவர் கேட்டதில் 'பாத்திருக்கீங்களா' என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, நான் கண்ணால் பார்க்கவில்லைதானே, அவள் வாயால் சொல்லித்தானே கேட்டேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சில வாரங்களில் காப்புரிமை கிடைத்தது. அம்மாவிடம் சொன்னேன். "சந்தோஷம்" என்றாள்.

வேலைத் தேர்வின் நேர்முகத்தில், ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "என் அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர், அவருடைய காப்புரிமையைப் பார்த்துத்தான் இந்தத் துறைமேல் மதிப்பு வந்தது" என்று சொன்னதாக வந்து சொன்னாய். அன்று மாலை கேக் வாங்கிவந்தோம். எனக்கு ஊட்டிவிட்டாய். அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அப்படியில்லை, ஆல்வின். ருசித்துச் சாப்பிட்டேன். பொய் பழகிவிட்டால் தொண்டையில் சிக்குவதில்லை. அதைத்தான் உனக்கு உள்ளபடியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து காபி போட்டு, இரண்டு தம்ளரையும் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்த வரிய எழுதினப்ப நான் வீட்ல இருந்தேனா?" என்றாள்.

"இல்ல. டூட்டில இருந்த."

"ம்" என்றாள். "எனக்கு எதுவும் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மென்பொருள் அவள் மருத்துவமனைக்கு வந்தது. பயிற்சி கொடுக்க ஒருவன் வந்தானாம். டெக்னீஷியன்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து, இரண்டு கால்களும் பக்கத்தில் பக்கத்தில், குழாயோடே அளந்து நகர்வதைத் திரையில் ஓட்டிக் காட்டினானாம். "நீவு யோசனெ மாடோதே பேட மேடம், எல்லா சாஃப்ட்வேரே மாடத்தே" என்று கன்னடத்தில் சொன்னானாம். நீங்கள் யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் மென்பொருளே செய்யும் என்று. உடனிருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். "ஸ்டெல்லா, இது உன்னோடதாச்சே" என்று ஒருத்தி சொல்லியேவிட்டாளாம். அம்மா சிரித்து மழுப்பியிருக்கிறாள்.

அன்றைய சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னிக்கு உங்க கம்பெனி சாஃப்ட்வேர் வந்துச்சுங்க" என்றாள். "ஓ, டிரெய்னிங் நல்லா குடுத்தானா?" என்று கேட்டுவிட்டு நான் டி.வி.யைப் போட்டேன்.

"ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றேன் இப்போது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, குற்றத்தை அவள் பக்கம் தள்ளுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் புள்ள பப்ளிக் எக்ஸாமுக்குப் படிக்கறான்னு விட்டேன். அப்புறம் கேக்கறதுக்கே வெக்கமாயிடுச்சு. தப்பு பண்ணது நீங்க, வெக்கம் எனக்கு." காபியைக் குடிக்காமலேயே தம்ளரைத் தள்ளிவைத்தாள். "பேரு போடலன்னு கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அது போகப்போகப் பழகிடுச்சு. ஆனா யோசிக்கத் தெரியாதவன்னு எழுதுவீங்கன்னு நெனைக்கல. அதயும் எம்புள்ள வாயால கேட்டேன்."

நான் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றப் போனேன். "அத எதுக்கு எடுக்கறீங்க?" என்றாள். "அவன் லீவுக்கு வந்து எங்கன்னு கேப்பான். அப்ப அதுக்கொரு கதை சொல்லுவீங்க. விடுங்க. அவன்கிட்ட நடந்தத நீங்களே சொல்லுங்க. ஆனா போன்ல வேணாம். போன்ல பாதியில பேச்ச மாத்திடுவீங்க. எழுதுங்க."

உனக்கு எழுதுவதற்கு முன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடலாம் என்று ஒரு வாக்குமூலம் எழுதினேன். யோசனை யாருடையது, நான் எங்கெங்கே பொய் சொன்னேன் என்று நான்கு பக்கம். அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ விட்டுப்போன பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு படித்தாள். என்னைப் பற்றி நான் எழுதியிருந்த கடுமையான வார்த்தைகளை நிற்காமல் தாண்டிப் போனாள். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"இது தப்பு" என்றாள். "பிரியற எடத்துலேர்ந்து அளப்பேன்னு எழுதியிருக்கீங்க. நான் அப்படிப் பண்ண மாட்டேன். பிரியற எடத்துலயே அடைப்பு இருந்தா எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க? அங்கதான நெறைய பேருக்கு அடைக்கும். நான் தொடை எலும்பு தலைமேல கொழா போற எடத்துலேர்ந்து ஆரம்பிப்பேன். அந்த எலும்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அது பொய் சொல்லாது. அங்கேர்ந்து கீழயும் போவேன், மேலயும் போவேன். உங்களுக்குப் புரியட்டும்னுதான் வயர்ல பிரியற எடத்தக் காட்டினேன். மிச்சத்தச் சொல்றதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க."

ஆல்வின், குழாய் பிரியும் இடத்திலேயே அடைப்பு உள்ளவர்களுக்கு எங்கள் மென்பொருள் வேலை செய்யாது. 'கையால் செய்யவும்' என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மருத்துவமனைகளிலிருந்து அந்தப் புகார் வராத வருடமே இல்லை. நான் வேலையை விடும் நாள் வரை அதைச் சரிசெய்ய ஒரு குழுவே உட்கார்ந்திருந்தது; அதற்குத் தலைவன் நான். பதில் நம் வீட்டில், நான் சாப்பிடும் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது. எத்தனை நோயாளிகளுக்கு அந்தப் படம் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். திருடியதையும் ஒழுங்காகத் திருடவில்லை, பாதிதான் என் கையில் வந்தது. அந்தப் பாதிக்குக் கீழேதான் என் பெயர் இருக்கிறது.

அம்மா அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தில் சரியாக எழுதினாள். மூன்று வரிதான். அதை அப்படியே சேர்த்து, நிறுவனத்துக்கு அனுப்பினேன். மறுநாளே அவர்கள் வக்கீல் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், இத பேட்டண்ட் ஆபீஸ்ல குடுத்தா பேட்டண்டே போயிடும். நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, உங்களுக்கும் நல்லதில்ல. விட்டுடுங்க, யாரும் கேக்கல" என்றார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மையில்லை. ஓர் ஆய்வாளர் கேட்டார். ஓர் அதிகாரி கேட்டார். இரண்டு பேருக்கும் பொய் சொன்னேன். அதனால் ஒரு நகல் காப்புரிமை அலுவலகத்துக்கும் போகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அதைத் தபாலில் சேர்ப்பேன்.

நீ புதிதாகச் சேர்ந்திருக்கும் அலுவலகத்துக்குத்தான் அது வரும் என்பது எனக்குத் தெரியும். உன் மேலதிகாரிகள் படிப்பார்கள். இவன் அந்த ஆளின் மகனா என்று பார்ப்பார்கள். நேர்முகத்தில் நீ சொன்னது யாருக்காவது நினைவு வரலாம். அனுப்பலாமா என்று உன்னைக் கேட்டு எழுத நினைத்தேன். "அவன்மேல ஏன் போடறீங்க?" என்றாள் அம்மா. "அவன் வேணாம்னு சொன்னா அத சாக்கா வச்சுக்கலாம்னா?" அவள் சொன்னது சரி. ஆகவே கேட்கவில்லை, சொல்கிறேன். அது வருவதற்கு முன் நீயே உன் மேலதிகாரியிடம் போய், இந்தக் கோப்பு என் அப்பாவுடையது, இதில் என் கை படக் கூடாது என்று சொல்லிவிடு. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. என்மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் அது எனக்கு வர வேண்டியதுதான்.

உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதியில் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இனி உன் மேஜைக்குக் கட்டுக்கட்டாகப் பதில்கள் வரும். நன்றாக எழுதப்பட்ட பதில்கள். 'இந்தத் துறையில் யாருக்கும் இது தோன்றியிருக்காது' என்று அவற்றில் இருக்கும். அந்த வரி எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நிதானமாக அதைப் படி. யாருக்கு என்று கேள். அங்கே மெஷினுக்கு முன்னால் நின்றவர் யார், அவரை யாராவது கேட்டார்களா என்று கேள். என் கோப்பைப் பார்த்த ஆய்வாளர் சரியாகத்தான் கேட்டார். ஒரு பொய்ச் சத்தியம் வந்து விழுந்ததும், அவருக்கு அதற்குமேல் வழியில்லாமல் போனது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. உனக்கு எப்போதாவது தெரியவந்தால், நீங்கள் அன்று கேட்டது சரி என்று சொல்.

உன் முன் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்தால் அது அம்மாவுக்காக இருக்கட்டும். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. சமைக்கிறாள், பேசுகிறாள், டூட்டிக்குப் போகிறாள். ஸ்கேன் அறையில் நடந்ததை இப்போது சாப்பிடும்போது சொல்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு டூட்டி இல்லை. சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பாள். கூப்பிடு. தொடை எலும்பிலிருந்து மேலே எப்படிப் போவாள் என்று கேள். அவள் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. முடிந்ததும், டாடிகிட்ட குடுங்க என்று மட்டும் சொல்லாதே.

அப்பா